ரெண்டாவது பேஸ் எதுக்கு பாஸ்?

போன வருஷம் தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கும். ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற டவுன் பஸ். நிக்கவே இடமில்லை. என் முன்னாடி ஒரு தம்பி, முதுகுல தன்னைவிட உயரமா ஒரு கறுப்பு உறையோட நின்னான். "இது லக்கேஜா, ஆளா?"ன்னு கண்டக்டர் கேட்க, "ஆள்தாண்ணே, சாப்பாடு மட்டும் கேக்காது"ன்னான். பஸ்ஸே சிரிச்சது.

உள்ளே இருந்தது பேஸ் கிடார். பையன் காலேஜ்ல மூணாவது வருஷம். திருவிழா சீசன்ல மெல்லிசைக் குழுவுல வாசிக்கிறான். "ரெண்டாவதா ஒண்ணு வாங்கப் போறேண்ணே. அம்மாவுக்கு மில்லுல போனஸ் வருது, தர்றேன்னு சொல்லிட்டாங்க"ன்னான்.

"என்ன மாடல்?"

"இதே மாதிரிதான். ஆனா சிவப்பு கலர்!"

எனக்கு பகீர்னு ஆச்சு. அந்த அம்மா வருஷம் முழுக்க ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த போனஸ் ஆச்சே!

பேஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். ஈ, ஏ, டி, ஜி-ன்னு நாலு தடித்த கம்பி. அதுல ரொம்பத் தடித்த ஈ கம்பி, நொடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். இளையராஜா பாட்டுல சசிதரன், ரஹ்மான் பாட்டுல கீத் பீட்டர்ஸ்னு பேர் தெரியாமலே நாம கேட்டு வளர்ந்த சத்தம் அது. பாட்டு ஓடும்போது உங்க கால் தன்னால தாளம் போடுதே, அதுக்குப் பாதிக் காரணம் இவங்கதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. அதை ஒரு கிண்ணம் சாப்பிட்டதும் வாய் என்ன கேக்கும்? இன்னொரு கிண்ணம் பால்கோவாவா? சாத்தூர் காராச்சேவு கேக்கும்! ரெண்டாவது பேஸும் அப்படித்தான். முதலாவது தராததைத் தரணும்.

'அப்ப ஒரே மாதிரி ரெண்டு வெச்சிருக்கிறவங்க எல்லாம் முட்டாளா?'ன்னு கேப்பீங்க. இல்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல ஜெர்மனியில ஹாஃப்னர் கம்பெனியோட வயலின் வடிவ பேஸ் ஒண்ணு வாங்கினார். 1963-ல அதே மாடல்ல இன்னொண்ணு வந்தது. ஊர் ஊரா கச்சேரி பண்றவருக்கு ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு வேணுமே! ஆனா 1965-ல அவர் கைக்கு வந்தது ரிக்கன்பேக்கர். ஹாஃப்னர் உள்ளீடற்றது, கழுத்து குட்டை, சத்தம் உருண்டை. ரிக்கன்பேக்கர் கெட்டி மரம், கழுத்து நீளம், சத்தம் கணீர். அதுக்கப்புறம் அவர் பேஸ் வாசிச்ச தினுசே மாறிச்சு. முதல்ல வாங்கின ஹாஃப்னர் 1972-ல திருடு போய், 2023-ல அவர்கிட்டயே திரும்பி வந்தது தனிக்கதை.

ஆக, ரெண்டாவது ரெண்டு வகை. ஒண்ணு ஸ்பேர், இன்னொண்ணு வேற குரல். உங்களுக்கு எது வேணும்னு தெரியாம கடைக்குப் போனா, கலர்தான் ஜெயிக்கும்.

தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தேன். "அடுத்த நாலு கச்சேரிக்கு ஒரு நோட்டு வெச்சுக்கோ. எந்தப் பாட்டுல உன் கிடார் கைவிடுதோ, அதை மட்டும் எழுது."

எழுதினான். முக்கால்வாசி புகார் ஒரே ரகம். எண்பதுகளின் பாட்டுல சத்தம் மெத்துனு வரணும், இவனுக்கு உலோகம் மாதிரி கிணுகிணுங்குது. இது கிடாரோட குத்தமே இல்லை, கம்பியோட குணம். அவன் போட்டிருந்தது ரவுண்ட்வவுண்ட். மேலே வழவழன்னு இருக்கிற ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டா, அதே கிடார் அடக்கமா, உருண்டையா பேசும். அந்தக் கம்பி இழுவிசை கூடுதலா இருக்கும், அதனால கழுத்தைச் சரி பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட ஒரு தடவை காட்டிடணும். மொத்தச் செலவு புதுக் கிடார் விலையில ஒரு துளி.

மிச்சம் இருந்த புகார்தான் நிஜமான புகார். பாடகிக்காக சுருதியை இறக்கும்போதும், புதுப் பாட்டு சிலதுலயும் ஈ-க்குக் கீழே ஸ்வரம் வேணும். நாலு கம்பியில அது கிடையாது. மேடையில பாட்டுக்குப் பாட்டு கம்பியைத் தளர்த்திக்கிட்டு நின்னா, பின்னாடி டிரம்ஸ்காரர் முறைப்பார். இதுக்கு மருந்து அஞ்சு கம்பி பேஸ். கூடுதலா வர்ற பி கம்பி சுமார் 31 அதிர்வு வரைக்கும் இறங்கும்.

கணக்கைப் பாருங்க. பழசு ஃப்ளாட்வவுண்டோட பழைய பாட்டுக்கு, புதுசு ரவுண்ட்வவுண்டோட புதுப் பாட்டுக்கு. ரெண்டாவது வரும்போது முதலாவதுக்கும் ஒரு தனி வேலை கிடைக்கணும். இல்லேன்னா அது பரண்ல ஏறிடும்.

உங்க நோட்டு வேற மாதிரி இருக்கலாம். கமகம் வளையலைன்னு எழுதியிருந்தா, மெட்டுக்கட்டை இல்லாத ஃப்ரெட்லெஸ். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. கை எட்டலைன்னா 30 இஞ்ச் குட்டைக் கழுத்து. ரெண்டு பிக்கப் வெச்ச ஜாஸ் பேஸ் ரகம் கையில இருந்து, இன்னும் தடிமனா சத்தம் வேணும்னா, ஃபெண்டர் 1951-ல ஆரம்பிச்சு வெச்ச பிரிசிஷன் ரகம். 'ஸ்பீக்கர் கரகரங்குது'ன்னு இருந்தா, கிடாரே வேண்டாம் பாஸ். முதல்ல ஆம்ப்ளிஃபையரைப் பாருங்க. சின்னப் பெட்டியில பி கம்பி வெறும் 'புஸ்'தான்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா நாலு விஷயம். கழுத்து வளைஞ்சிருக்கான்னு ஒரு கண்ணை மூடிப் பாருங்க. பி கம்பியை அஞ்சாவது கட்டம் வரைக்கும் ஒவ்வொண்ணா அழுத்தி, ஸ்வரம் தெளிவா கேக்குதான்னு பாருங்க. வாரை மாட்டி இருபது நிமிஷம் நின்னுக்கிட்டே வாசிங்க, பாரம் அப்பத்தான் தெரியும். பேட்டரி போடுற ஆக்டிவ் வகைன்னா சத்தம் கூடுதலா வரலாம், மேடையில மாத்தும்போது ஸ்பீக்கர் அலறாம முதல்லயே சமன் பண்ணி வைங்க.

தம்பி என்ன பண்ணான்? போனஸ்ல கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கிட்டு, மிச்சத்தை அம்மா கையிலயே கொடுத்துட்டான். சீசன் முழுக்க வாசிச்சுச் சேர்த்த காசுல பழைய அஞ்சு கம்பி ஒண்ணை வாங்கினான். கலர்? பழுப்பு! ஆடி மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கச்சேரி. ஷிஃப்ட் முடிஞ்சு அம்மாவும் வந்திருந்தாங்க. ரெண்டு கிடாரையும் மாத்தி மாத்தி வாசிச்சுட்டு, "வித்தியாசம் தெரிஞ்சுதாம்மா?"ன்னு ஆசையா கேட்டிருக்கான்.

"சத்தம் எல்லாம் எனக்கு ஒண்ணுதான்டா. ஆனா இன்னைக்கு நீ மூஞ்சியைச் சுளிக்காம வாசிச்ச"ன்னாங்களாம்.

இதைவிட நல்ல விமர்சனம் எந்தப் பத்திரிகையும் எழுதாது மக்களே. நோட்டை எடுங்க!