நைட் இன்சார்ஜ் என்றொரு பட்டம்

நர்சிங் ஹோம்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளின் மிகக் கடினமான 12 மணி நேரத்தை, அங்கே வேலை பார்ப்பவர்களிலேயே மிகப் புதியவரிடம் கொடுப்பார்கள். கூடவே ஒரு பட்டமும் கொடுப்பார்கள்: நைட் இன்சார்ஜ். படித்து முடித்து, கவுன்சிலில் பதிவு எண் வாங்கி, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் எனக்கு அது கிடைத்தது. "நீதாம்மா இனிமே நைட்டுக்கு இன்சார்ஜ். படிச்ச பொண்ணு, பாத்துப்ப" என்றார் மேனேஜர். அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை.

ஏன் புதியவளுக்கு? அவளால் மறுக்க முடியாது, அவ்வளவுதான். சீனியர்களுக்குக் குழந்தை இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது, வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன் என்று சொல்லும் தைரியம் இருக்கிறது. என்னுடைய ஒரிஜினல் சர்டிபிகேட் மேனேஜரின் பீரோவில் இருக்கிறது.

நர்சிங் ஹோம் என்றால் வெளிநாட்டுப் படங்களில் முதியோர் இல்லம். நம்ம ஊரில் அது ஒரு டாக்டர் குடும்பம் நடத்தும் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. நான் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, 24 படுக்கை. என்எல்சியின் சொந்த மருத்துவமனைக்குள் போக வழியில்லாத சுற்றுக் கிராமத்துச் சனம் எங்களிடம்தான் வரும். இரவு 8 மணிக்கு ஓவர் எடுத்தால் காலை 8 மணி வரை நான், இரண்டு பெண்கள், ஒரு ஆயா, ஒரு வாட்ச்மேன். அந்த இரண்டு பெண்களும் நர்சிங் படித்தவர்கள் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். கேனுலா போடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரிகள். ஆனால் ஒரு மருந்தின் டோஸ் தப்பாக எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் படிப்பை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. டியூட்டி டாக்டர் என்பவர் ஒரு போன் நம்பர்.

மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த கணக்குப்படி பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒரு நர்ஸ் வேண்டும். என் இரவில் 24 படுக்கைக்கு ஒரே ஒரு பதிவு பெற்ற நர்ஸ். அவளும் போன வருஷம் வரை மாணவி. இதில் நான் யாரை சூப்பர்வைஸ் செய்கிறேன்? என்னையேதான்.

இதையெல்லாம் ஏதோ ஓர் ஊரில் இருந்து சொன்னால்கூடப் பரவாயில்லை. நெய்வேலியில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. ஏனென்றால் ஷிப்ட் என்றால் என்ன என்று தமிழ்நாட்டிலேயே நன்றாகத் தெரிந்த ஊர் இது. 1956-ல் நிறுவனம் தொடங்கியது, அடுத்த வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். இங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே மேலே பொங்கிவிடும். ஆக, இந்த ஊர் இத்தனை வருஷம் நின்றதே யாரோ சிலர் ராத்திரி முழித்திருந்ததால்தான்.

அந்தச் சுரங்கத்தில் ஓவர்மேன், சர்தார் என்று பொறுப்புகள் உண்டு. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் தேர்வு வைத்துத் தரும் சான்றிதழ் இல்லாமல் அந்த இடத்துக்கு வர முடியாது. தேர்வு எழுதவே சுரங்க அனுபவம் காட்ட வேண்டும். மண்ணையும் மெஷினையும் பார்த்துக்கொள்பவருக்கு இவ்வளவு கேட்கிறோம். 24 உயிரைப் பார்த்துக்கொள்பவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "வீடு பக்கமாம்மா?"

இன்னொன்றும் சொல்கிறேன். 1952-ஆம் வருஷச் சுரங்கச் சட்டம் பெண்களை இரவு 7 மணிக்கு மேல் வேலையில் வைக்கக் கூடாது என்றது. 2019-ல் மத்திய அரசு அதில் விலக்கு கொடுத்தது. திறந்தவெளிச் சுரங்கத்தில் பெண்கள் இரவிலும் வேலை செய்யலாம், ஆனால் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், ஒரு ஷிப்டில் குறைந்தது மூன்று பெண்களாவது சேர்ந்து இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நோட்டீஸ் போர்டில் டூட்டி லிஸ்ட் ஒட்டினார்கள், அதில் என் பெயர் இருந்தது. சாதாரண இரவில் நாங்கள் மூன்று பேர் என்று கணக்குச் சொல்லலாம்தான். ஒரு பெண் லீவு போட்டால் இரண்டு. கேஷுவாலிட்டிக்கு ஒருத்தி இறங்கினால் மாடியில் நான் மட்டும்.

சுரங்கமும் அனல் மின் நிலையமும் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2020 ஜூலை 1 அன்று இரண்டாவது அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. ஆறு பேர் அன்றே இறந்தார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். அந்தத் துக்கம் இந்த ஊரில் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அங்கே ஒரு சாவு நடந்தால் அதற்கு 'விபத்து' என்று பெயர் வைக்கிறார்கள். விசாரணை வருகிறது, கேள்வி கேட்கிறார்கள். நர்சிங் ஹோமில் விடியற்காலை நாலு மணிக்கு, பார்க்க ஆளில்லாமல் ஒருவர் போனால், கேஸ் ஷீட்டில் 'கார்டியாக் அரெஸ்ட்' என்று எழுதி முடித்துவிடலாம். அந்த வார்டில் அன்று எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்று எந்த இன்ஸ்பெக்டரும் வந்து கேட்பதில்லை.

போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். காண்ட்ராக்ட் வேலையில் இருந்து நின்ற ஒரு பெரியவர், காய்ச்சலுக்கு அட்மிட் ஆகியிருந்தார். இரவு 2.35-க்கு மூச்சு நிமிஷத்துக்கு 32, சாச்சுரேஷன் 88. ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். "நெபுலைசர் குடுங்க, காலைல பாக்கறேன்." கொடுத்தேன். 2.55-க்கு 84. மறுபடி போன். "ஏம்மா, இதுக்கெல்லாம் ராத்திரில ரெண்டு தடவ எழுப்புவியா? என்னதான் படிச்ச?" வந்தார், திட்டிக்கொண்டே வந்தார். பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. ஆம்புலன்ஸ் பிடித்துப் பாண்டி ஜிப்மருக்கு அனுப்பினோம். பெரியவர் பிழைத்தார். அடுத்த மாதம் அவர் மகள் பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள், பண்ருட்டிக்காரர்கள்.

எனக்குக் கிடைத்தது மெமோ. 'டாக்டரைத் தொடர்ந்து தொந்தரவு செய்தது, நோயாளி வேறு மருத்துவமனைக்குப் போகும் சூழலை உருவாக்கியது.' நேரத்தைப் போட்டு கேஸ் ஷீட்டில் நான் ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்ததால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் இரண்டாவது போன் போடாமல் இருந்து, அவர் இறந்திருந்தால்? அப்போதும் மெமோதான்: 'நைட் இன்சார்ஜ் தகவல் தெரிவிக்கவில்லை.' இதுதான் அந்தப் பட்டத்தின் முழு அர்த்தம். முடிவெடுக்கும் உரிமை வேறொருவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும், பழி மட்டும் என்னோடு முழித்திருக்கும்.

இனி சம்பளம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலையைப் பார்க்க ஒரு நிபுணர் குழு வைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. பக்கத்துக் கேரளத்தில் நர்ஸ்கள் சங்கமாகச் சேர்ந்து போராடி, 2018 ஏப்ரலில் அந்தத் தொகையைக் குறைந்தபட்ச ஊதியமாகவே அரசாணையில் வாங்கினார்கள். நான் கையெழுத்துப் போட்டு வாங்குவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. என்னோடு இரவு நிற்கும் பெண்கள் வாங்குவதைச் சொன்னால் உங்களுக்கு வெட்கமாக இருக்கும்.

இதையெல்லாம் கேட்டால் மூன்று பதில்கள் வரும்.

முதல் பதில்: "செஞ்சாத்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும்." வரும்தான். ஆனால் பக்கத்தில் ஒரு சீனியர் நின்றால்தான் அது அனுபவம். யாரும் இல்லாத இடத்தில் வருவது பயம், பயம் பழகினால் வருவது மரத்துப்போதல். நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கைத்தான் காலண்டரில் போடுகிறோம். 1859-ல் அவர் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' புத்தகத்தில் நிர்வாகம் பற்றியே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பொறுப்பில் இருப்பது என்றால், நாம் இல்லாத நேரத்திலும் நடக்க வேண்டியது நடக்கும்படி ஏற்பாடு செய்வது என்பதுதான் அதன் சாரம். அந்த அளவுகோலில் பார்த்தால் இரவில் தோற்பது நான் இல்லை. எந்த ஏற்பாடும் செய்யாமல் 8 மணிக்குக் கார் எடுத்துப் போகிறவர்கள்தான்.

இரண்டாவது பதில்: "சின்ன ஆஸ்பத்திரி, கட்டுப்படி ஆகாது." ஜெனரேட்டர் கட்டுப்படி ஆகிறது, ஏனென்றால் கரண்ட் போனால் ஏசி ரூம் பேஷண்ட் சத்தம் போடுவார். இன்னொரு நர்ஸ் இல்லை என்று சத்தம் போட நினைவில்லாமல் படுத்திருப்பவருக்கு வாய் வராது.

மூன்றாவது பதில் வீட்டிலிருந்தே வரும்: "பொம்பளப் புள்ளைக்கு நைட் டூட்டியே வேணாம்." 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் டாக்டர் கொல்லப்பட்ட பிறகு, மேற்கு வங்க அரசே முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி தவிர்க்கலாம் என்றது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை, பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது அல்ல என்றது. நானும் அதைத்தான் சொல்கிறேன். இரவு எனக்குப் பிடிக்கும். வார்டு அடங்கி, ஒவ்வொருவர் மூச்சும் தனித்தனியாகக் கேட்கும் அந்த நேரத்தில்தான் நர்ஸ் வேலை என்னவென்றே புரிகிறது. அதை எங்களிடமிருந்து பிடுங்க வேண்டாம். தனியாக விடாதீர்கள்.

அதே கொல்கத்தாவில், 2011 டிசம்பர் 9 அன்று விடிவதற்குள் ஆம்ரி மருத்துவமனையில் தீப்பிடித்தது. சுமார் 90 பேர் இறந்தார்கள். கேரளத்திலிருந்து போன ரம்யா, வினீதா என்ற இரண்டு இளம் நர்ஸ்கள் எட்டு நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டு, மறுபடி உள்ளே போய் இறந்தார்கள். நாடே அவர்களைத் தேவதைகள் என்றது. அப்படி ஓர் இரவில் ஒரு தளத்துக்கு எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் எங்கள் நர்சிங் ஹோம் படியேறி இன்னும் வரவில்லை. மே 12-ஆம் தேதி கேக் மட்டும் வருகிறது.

எனக்கு வேண்டியது பெரிய புரட்சி இல்லை. முதல் ஆறு மாதம் எந்தப் புது நர்ஸையும் இரவில் தனிப் பொறுப்பில் வைக்காதீர்கள். இரவில் பதிவு பெற்ற நர்ஸ் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும். நோயாளி மோசமானால் டாக்டரை எழுப்புவதற்காக யாருக்கும் மெமோ தரக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுங்கள். படிக்காமல் வேலை பழகிய பெண்களைப் படிக்க அனுப்புங்கள்.

படிக்கிற உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை உங்கள் அப்பாவையோ பாட்டியையோ இப்படி ஓர் இடத்தில் சேர்க்கும்போது, ரூம் வாடகை கேட்கிற அதே கவுண்டரில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "நைட்ல எத்தன ஸ்டாஃப் நர்ஸ் இருக்காங்க? டாக்டர் இங்கயே தங்குவாரா?" நாங்கள் கேட்டால் மெமோ. நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் கட்டுவது நீங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது டூட்டி லிஸ்டில் இன்னொரு பெயர் ஏறும்.