நாய் கடித்தால் முதலில் சோப்பு, சீட்டு பத்திரம்!

உப்பளத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வீடு திரும்புகிறவர்களைக் கேளுங்கள். தெருமுனை வந்ததும் காலைத் தூக்கிக்கொள்கிற வித்தை எல்லோருக்கும் அத்துபடி! ஆனால் நாய் கடித்துவிட்டால் என்ன செய்வது? அது தெரிந்தவர்கள் குறைவு. மஞ்சள் வைக்கிறார்கள், சுண்ணாம்பு தடவுகிறார்கள், மிளகாய்ப்பொடி அப்புகிறார்கள். "சின்னக் கீறல்தானே, சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

சரியாகப் போகாது ஐயா!

2025-ல் உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். கபடி வீரர் ஒருவர் சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைத் தூக்கிக் காப்பாற்றினார். குட்டி விரலில் கடித்தது. குட்டிதானே என்று ஊசி போடவில்லை. சில மாதத்தில் ரேபிஸ் கண்டது. வாட்டசாட்டமான அந்த வாலிபர் பிழைக்கவில்லை. தண்ணீரைக் கண்டால் பயம், காற்றுப் பட்டால் துடிப்பு என்று நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற மருந்தே கிடையாது. வருமுன் தடுக்க மட்டும் மருந்து இருக்கிறது.

இந்தியாவில் ஆண்டுக்கு 18 ஆயிரம் முதல் 20 ஆயிரம் பேர் வரை இந்த நோயால் சாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 2024-ல் மட்டும் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கு மேல் நாய்க்கடி பதிவானதாக மத்திய அரசே பாராளுமன்றத்தில் சொன்னது.

தொப்புளைச் சுற்றி ஊசி இல்லை

பெரியவர்கள் பலருக்கு இன்னும் பழைய பயம் போகவில்லை. "தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவாங்களே!" அந்த ஆட்டுமூளை மருந்தை 2005-க்குள் நம் நாட்டில் கைவிட்டாகிவிட்டது. இப்போது ஊசி கையில்தான். தோலுக்குள் போடும் முறையில் 4 தடவை வரவேண்டும்: முதல் ஊசி போட்ட அன்று, அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்கள். சதையில் போட்டால் 14-ம் நாளும் சேர்ந்து 5 தடவை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்கூடப் போட்டுக்கொள்ளலாம். "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நடுவில் நிற்கக்கூடாது.

வெறிநாய் கடித்த 9 வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் பாரிசில் முதல் தடுப்பு மருந்து கொடுத்தது 1885 ஜூலை 6-ல். அன்று புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில்தான் இருந்தது. பையன் பிழைத்தான். நூற்றி நாற்பது ஆண்டு ஆகியும் நாம் மிளகாய்ப்பொடியைத் தேடினால் என்ன நியாயம்?

கடித்தவுடன் ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்! பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரி உப்பளத்துக்குத் தொலைவில் இல்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ரத்தம் வந்த கடி என்றால் ஊசி மட்டும் போதாது. 'இம்யூனோகுளோபுலின்' என்ற மருந்தைக் காயத்திலேயே போடவேண்டும். டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கவேண்டாம். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனியுங்கள்.

சீட்டு ஏன்?

உயிர் தப்பியாகிவிட்டது. நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

வீட்டு நாய் என்றால் சொந்தக்காரர் பொறுப்பு. பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி, வளர்ப்பு மிருகத்தால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

தெருநாய் என்றால்? பஞ்சாப் - அரியானா ஐகோர்ட் 2023 நவம்பரில் ஒரு கணக்கே போட்டது. ஒரு பல் பதிந்த தடத்துக்குக் குறைந்தது 10 ஆயிரம் ரூபாய். சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20 ஆயிரம். கொடுக்கும் பொறுப்பு அரசுக்கு! அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. நாம் சென்னை ஐகோர்ட்டின் கீழ் இருக்கிறோம். ஆனால் முன்னுதாரணமாகக் காட்டி வாதாடலாம். எத்தனை பல், எவ்வளவு ஆழம் என்று எழுதியிருப்பது ஆஸ்பத்திரிச் சீட்டில்தானே? அதைக் கசக்கி எறிந்துவிட்டால் எதை வைத்து வாதாடுவது? சீட்டு, ஊசி அட்டை, மருந்து பில், போலீசிலோ நகராட்சியிலோ கொடுத்த புகாரின் நகல், எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் சட்டப்பணிகள் ஆணையம் இலவச உதவி தருகிறது.

நகராட்சிக்கு ஒரு வார்த்தை

தெருநாயை அடித்துக் கொல்வது குற்றம். அது தீர்வும் அல்ல. பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போடுவது உள்ளாட்சியின் வேலை என்று 2023-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவேண்டும், அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தில் ஓடி ஆடும் பிள்ளைகளுக்கும் அந்த உத்தரவு பொருந்தும்.

இதை வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம் என்றால், 2006-ல் ஜெயித்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை! ஆகவே கமிஷனருக்குத்தான் மனு எழுதவேண்டும். ஒருவர் எழுதினால் மேஜையில் கிடக்கும். தெருவே கையெழுத்துப் போட்டால் வண்டி வரும்.

கருத்தடை நடக்கட்டும், உத்தரவு அமலாகட்டும். அதுவரை குழாயடியில் ஒரு சோப்பு எப்போதும் இருக்கட்டும்.