படம் பொய் சொல்லலாமா?

நக்கீரர் கதையை அறியாத தமிழர் இலர். பாட்டில் காணும் குற்றம் இருவகை என்பதை அக்கதை வழியே நாம் இளமையிலேயே கற்றோம். சொல்லில் நேர்வது சொற்குற்றம். கருத்தில் நேர்வது பொருட்குற்றம். ஆலைகளில் மோட்டாரை ஓட்டும் மின்பேனலுக்கும் நக்கீரருக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. பெங்களூரில் ஒரு பட்டறையில் அதை நான் கண்டேன்.

தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முதுநிலை அறிவியல் பயில இந்நகருக்கு வந்தவன் நான். சென்ற விடுமுறையில் பீனியா தொழிற்பேட்டையில் பேனல் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் இரண்டு மாதம் பயிற்சி பெற்றேன். கணிப்பொறி முன் அமர்ந்து மின்சுற்றுப் படம் வரைவது என் வேலை. அடுத்த கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்து வயர் இழுப்பவர்கள் கன்னடர், தமிழர், ஒடியர், பீகாரியர் எனப் பலர். ஒருவர் மொழி மற்றவர்க்கு அரைகுறையாகவே புரியும். ஆனால் படம் எல்லார்க்கும் புரியும். அந்தக் கூடத்தின் பொதுமொழி படமே.

இப்பொதுமொழியின் பெருமையை வரலாறும் சொல்கிறது. முன்பு ஆலை எந்திரங்களை நூற்றுக்கணக்கான ரிலேக்களே ஆண்டன. எந்திரத்தின் வேலைமுறை மாறினால் வயர்களைப் பிரித்து மீண்டும் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் கார்கள் புதுவடிவம் பெற்ற அமெரிக்காவில் இது பெருந்தொல்லையாயிற்று. 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதற்கு மாற்று வேண்டுமென்று கேட்டது. டிக் மார்லியும் அவர் தோழர்களும் ஆக்கிய மோடிகான் 084 என்னும் கருவி 1969-இல் அங்குச் சென்றது. இன்று பி.எல்.சி. என்று நாம் அழைப்பதன் முன்னோடி அது. வயரில் இருந்த அறிவு நிரலுக்கு மாறியது. ஆயினும் அந்நிரலை லேடர் என்னும் ஏணிப்படமாகவே அமைத்தனர். ஏன்? ரிலேச் சுற்றைப் படித்துப் பழகிய எலக்ட்ரீசியன், புதுமொழி ஒன்று கற்காமலே அதைப் படிக்க வேண்டும் என்பதற்காக! புதுமை, தொழிலாளியின் கண்ணுக்கு இணங்கி வந்தது. அதனாலேயே அது நிலைத்தது என்பேன்.

பின்னர்ப் படம் வரைவதும் கணிப்பொறிக்கு வந்தது. 1982-இல் ஆட்டோகேட் தோன்றியது. மின்சுற்றுக்கென்றே ஈபிளான், ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் போன்ற மென்பொருள்கள் எழுந்தன. இவற்றின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்லேன். ஒரு காண்டாக்டரின் காயில் மூன்றாம் தாளில் இருக்கும். அதன் தொடுமுனை பதினேழாம் தாளில் இருக்கும். இரண்டையும் மென்பொருளே இணைத்துக் காட்டும். வயர்களுக்கு எண் இடும். பெயர் இரட்டித்தால் எச்சரிக்கும். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலையும் தரும். கையால் இரண்டு நாள் எழுதும் பட்டியல் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. நன்று. ஆனால் இவையெல்லாம் சொற்குற்றம் களையும் பணி. பொருட்குற்றத்தை யார் களைவது?

ஒருநாள் ஆறு ஸ்டார்-டெல்டா பேனல்களுக்குப் படம் கேட்டார்கள். பெரிய மோட்டாரை நேரே மின்சாரத்தில் இணைத்தால் தொடக்கத்தில் பன்மடங்கு மின்னோட்டத்தை அது இழுக்கும். முதலில் ஸ்டாரில் இணைத்தால் அது மூன்றிலொரு பங்காகக் குறையும். வேகம் பிடித்தபின் ஸ்டார் காண்டாக்டர் விலக, டெல்டா காண்டாக்டர் சேரும். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்திருந்தால் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று மோதும், ஷார்ட் ஆகும். அதைத் தடுக்க, ஒன்று விலகினாலன்றி மற்றதன் காயிலுக்கு மின்சாரம் செல்லாதபடி அமைப்பர். அதுவே இன்டர்லாக்.

நான் முன்னாண்டுப் படத்தைப் பிரதி எடுத்தேன். மென்பொருளைச் சோதிக்கச் சொன்னேன். பிழை இல்லை என்றது. அரைமணியில் வேலை முடிந்ததென்று மகிழ்ந்தேன். திருவண்ணாமலைக்காரரான வயர்மேன் அண்ணன் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இந்தப் படம் பொய் சொல்லுது" என்றார். டெல்டா காயிலின் வழியில் இன்டர்லாக் இல்லை! முன்னாண்டு இதே படத்தின்படி செய்த பேனலை ஓர் ஆலையில் ஓட்டிப் பார்த்தபோது காண்டாக்டரில் தீப்பிழம்பு எழுந்து ஃபியூஸ் போயிற்றாம். அவருடைய வலக்கையில் அந்த வடு இன்னும் இருக்கிறது. அன்றே அவர் வயரை மாற்றினார். பேனல் கதவிலிருந்த தாளில் பென்சிலால் குறித்தும் வைத்தார். அக்குறிப்பு அந்த ஆலையிலேயே தங்கிவிட்டது. கணிப்பொறிக்குத் திரும்பி வரவேயில்லை.

"நீங்க யாருகிட்டயும் சொல்லலையாண்ணா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் தம்பி. சரின்னாங்க. கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள நாங்க வர்றதில்லையே" என்றார்.

எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! ஒரு பிழை ஆறாகப் பெருக இருந்தது. ஒரு கையின் வடு ஆறு கைகளுக்கு வர இருந்தது. பிரதி எடுக்கும் வசதி உண்மையைப் பெருக்கும். பொய்யையும் அதே விரைவில் பெருக்கும். படம் வரைந்த நேரத்தைக் கணக்கிட்டு, "திறன் கூடிவிட்டது" என்கிறோம். நள்ளிரவில் எந்திரம் நின்றுகிடக்க, படத்தில் ஓர் எண்ணும் பேனலில் வேறோர் எண்ணுமாக இருக்க, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வயர் தேடும் நேரத்தை யார் கணக்கிடுகிறார்? படமும் பேனலும் ஒன்றாயிருப்பதே திறன். மற்றவை வேகம் மட்டுமே.

சிறு பட்டறைக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா என்பர் சிலர். நான் கேட்பது விலையுயர்ந்த மென்பொருள் அன்று. ஒரு சிவப்புப் பேனாவும் ஒரு விதியும். பேனல் நிறுவிய இடத்தில் செய்த மாற்றத்தைச் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். பணி முடிந்த கையோடு அது கணிப்பொறியில் ஏற வேண்டும். ஏறும்வரை அப்படத்தைப் பிரதி எடுக்கலாகாது. வரைந்தவர் கையொப்பத்தின் அருகே வயர்மேன் கையொப்பமும் இடம்பெற வேண்டும்.

நாளைய மென்பொருள் பொருட்குற்றத்தையும் கண்டுவிடும் என்பர் வேறு சிலர். கண்டால் மகிழ்வேன். ஆனால் எது குற்றம் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்? பட்டறிந்தவரே. அவரைக் கேளாமல் அதற்கும் கல்வி இல்லை.

பட்டம் பெற்று நம்மிற் பலர் கணிப்பொறி அறைகளில் அமரப் போகிறோம். அடுத்த கூடத்தில் இருப்பவர் பெரும்பாலும் நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர். படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது, அவர்க்குக் கிடைக்கவில்லை. வேறுபாடு அவ்வளவே. ஆறு பேனல்களும் திருத்திய படத்தோடு சென்றன. அப்படத்தில் என் கையொப்பத்தின் பக்கத்தில் அண்ணனின் கையொப்பம் தமிழில் இருக்கிறது. அதை வாங்க நான் நடந்தது இருபது அடி தொலைவு. நக்கீரர் பாண்டியன் அவையில் அமர்ந்திருந்தார். நம் காலத்து நக்கீரர் வயர்க் கூடத்தில் நிற்கிறார். அந்த இருபது அடியை நாம் நடப்போம்.