கேட்டதை மறக்காத சாட்போட் வேணும்



வாட்சாப்ல அர்ச்சனை பதிய சாட்போட் வந்தது நல்லதுதான். ஆனா போன வாரம் ஒரு பாட்டி பேரன் பெயரைக் கொடுத்துட்டு, நட்சத்திரம் கேட்டப்போ, "நடை எப்போ சாத்துவீங்க?"ன்னு கேட்டாங்க. அது நேரத்தைச் சொல்லிட்டு, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிடுச்சு. பாட்டி கவனிக்காம "ரோகிணி"ன்னு அனுப்ப, அதுவே பெயராகிவிட்டது. குருக்களும் சீட்டில் உள்ளபடியே அர்ச்சனை செய்தார். பாட்டி கண் கலங்கிட்டாங்க.

ரோகிணி பெயரா, நட்சத்திரமா? கடைசியாக என்ன கேட்டோம் என்ற நினைவு இருந்தால்தான் தெரியும். ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறும்போது லாக் புக் எழுதுவது இதற்குத்தான். சாட்போட்டும் பக்தர் எதற்கு வந்தார், எதுவரை சொன்னார் என்று குறித்து வைக்கணும். புரியலைன்னா கவுண்டர்ல இருக்கிற நம்மகிட்ட விட்டுடணும்.

அதைச் சரி செய்யும் வரை, ஒவ்வொரு பதிவையும் ஒரு தொண்டர் போன் போட்டுக் கேட்கட்டும். நான் தயார். இன்னும் நாலு பேர் வாங்க.