கை நடுங்கினால் பக்தி குறைவாம்

மேடையில் ஒரு பெண்ணுக்கு வயலின் வில் துள்ளினால் நம்ம சங்கீத உலகத்திடம் தீர்ப்பு தயாராக இருக்கிறது: சாதகம் போதாது. கொஞ்சம் கனிவானவர்கள் என்றால், "பகவானை நினைச்சுண்டு வாசிம்மா, சரியாயிடும்." இரண்டுமே அபத்தம்.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும். தோள் காதை நோக்கி ஏறும், கட்டைவிரல் வில்லை நெரிக்கும். பாடகருக்குக் குரல் நடுங்கினால் கமகம் என்று ஒப்பேற்றிவிடலாம் (நிறைய பேர் ஒப்பேத்தறாங்க). நமக்கு நீளமாக ஒரு ஷட்ஜம் இழுத்தாலே போதும், குட்டு உடைந்துவிடும். சரி, சாதகத்தைக் கூட்டலாமா? இறுகிய கட்டைவிரலோடு ஆறு மணி நேரம் வாசித்தால், ஆறு மணி நேரமும் இறுக்கத்தைத்தான் பழகுகிறோம்.

ஏழு வயதில் ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேறியவர் யெஹுதி மெனுஹின். அவருக்கே வளர்ந்தபின் உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. 1952இல் இந்தியா வந்தபோது பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து யோகா கற்றார். ஐயங்காரின் புகழ்பெற்ற யோகா நூலுக்கு முன்னுரையும் எழுதினார். உலகம் கொண்டாடிய வயலின்காரர் நம்ம ஊர் ஆசிரியரிடம் தோளையும் மூச்சையும் சரிசெய்துகொண்டு போனார். நாமோ மூச்சு என்ற சொல்லையே பாட்டு வகுப்போடு நிறுத்திக்கொண்டோம்.

நம் உட்காரும் முறை அற்புதமானதுதான். சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றினால், இடது கைக்குப் பாரமே இல்லை, கமகத்துக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனா விலை கொடுக்கிறது முதுகும் இடுப்பும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பத்து வருஷத்தில் ஒருமுறைகூட என் தோளைப் பார்த்ததில்லை. காது மட்டும்தான் எங்கள் மேல் இருந்தது.

பக்கவாத்தியக்காரர் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. பாடகர் என்ன ராகம் எடுப்பார் என்பது மேடையில்தான் தெரியும். அவர் ஆலாபனையை முடித்த கையோடு நாம் வாசிக்கணும். இதில் படபடப்பு வரலைன்னாத்தான் ஆச்சரியம்! அதைத் தன் ஒழுக்கக் குறையாக நினைத்து, நன்றாக வாசித்த இரண்டு பேர் வயலினையே மூட்டைகட்டியதை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு அது நஷ்டம் இல்லையா?

என் மாணவர்களை இரண்டு மாடி ஓடி ஏறி வரச் சொல்கிறேன். மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து, மூச்சை நீளமாக விட்டபடியே ஒரே வில்லில் ஒரு பஞ்சமம். முதல் வாரம் கோரமாக இருக்கும். இதயம் அடித்துக்கொள்ளும்போதும் கட்டைவிரலைத் தளர்த்த முடியும் என்று கை மெல்லக் கண்டுபிடிக்கிறது. "இதெல்லாம் கிரேடு பரீட்சைக்கு வருமா சார்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். வராது. வரவேண்டும் என்றுதான் சண்டை போடுகிறேன்.