நூறு பசங்களுக்கு எதுக்கு அஞ்சு வாத்தியார்?

"நூறு பசங்க கூட ஒழுங்கா வர்றதில்ல, அதுக்கு அஞ்சு வாத்தியாரா? மூடிட்டுப் போகலாம்ல?"

கலிஃபோர்னியாவுல பொட்டி தட்டுற நம்ம மக்கள் கூடுற பாட்லக்ல பள்ளிக்கூடப் பேச்சு வந்தா இந்த டயலாக் வந்துடும். பத்துக்குப் பத்து ரேட்டிங் பார்த்து வீடு வாங்குற கோஷ்டி வேற எப்படிப் பேசும்? :-)

அவங்க சொல்றது கன்டினியுவேஷன் ஹைஸ்கூலை. இதுவும் அரசுப் பள்ளிதான். 16 வயசாகி, கிரெடிட் குறைஞ்சு, வழக்கமான ஹைஸ்கூல்ல பின்தங்கினவங்களுக்கானது. வேலைக்குப் போற பசங்களுக்காக 1919-லயே ஆரம்பிச்ச ஏற்பாடு. வாரத்துக்குக் குறைஞ்சது 15 மணி நேரம் வகுப்பு. பர்கர் கடையில நிக்கிறவன், கைக்குழந்தையோட வர்ற பொண்ணு, இவங்களுக்கெல்லாம் இதுதான் கடைசி வாசல்.

இந்த மாநிலத்துல பள்ளிக்குப் பணம் பேர் எழுதின கணக்குல வராது. தினசரி வருகைச் சராசரியை வச்சு வரும். டெக்சாஸும் இப்படித்தான். ஜுரம்னு லெட்டர் குடுத்தாலும் அன்னிக்குப் பைசா கிடையாது. ஸ்கூலுக்கே ஒழுங்கா வராதவங்கன்னுதானே பாதிப் பேரை இங்க தள்ளிவிட்டீங்க? அப்புறம் வரலைன்னு சொல்லிப் பணத்தைக் குறைக்கிறது என்ன நியாயம் சாமி?

நூறு பேர்ல எழுபது பேர் வந்தா எழுபதுக்குத்தான் காசு. ஆனா தினமும் அதே முப்பது பேரா மட்டம் போடுறாங்க? இன்னிக்கு வராதவன் நாளைக்கு வருவான், விட்ட பாடத்தை அவனுக்குத் தனியா உக்கார வச்சு சொல்லித்தரணும். வேலை கூடுது, காசு குறையுது. டைம் அவுட் ஆன ரெக்வெஸ்டையெல்லாம் லாக்ல இருந்து அழிச்சுட்டு, "லோடு கம்மிதானே, ஒரு சர்வரைக் கழட்டிடலாம்"னு மேனேஜர் சொன்னா நாம சும்மா விடுவோமா?

காலண்டர் கூத்து இன்னும் மோசம். தலைக்கணக்கு அக்டோபர் முதல் புதன்கிழமை. முதல் செமஸ்டர்ல கோட்டை விட்டவங்க ஜனவரியிலதான் இங்க வந்து சேருவாங்க. அடுத்த வருஷம் வேலை இல்லைன்னு ஆசிரியருக்கு நோட்டீஸ் குடுக்க மார்ச் 15 கெடு. புதுசா வந்த பசங்க பேர் மனசுல பதியறதுக்குள்ள வாத்தியார் கையில சீட்டு.

மூணு வருஷ சராசரியைக் காட்டலாம்னு 2022-ல தளர்த்தினாங்களேன்னு கேப்பீங்க. சரிதான், அது டிஸ்ட்ரிக்ட் கஜானாவுக்கு. அதுல எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆள்னு முடிவு பண்றது டிஸ்ட்ரிக்ட்தான்.

ரெண்டாயிரம் பேர் படிக்கிற பள்ளியில ஒரு வாத்தியார் போனா சில வகுப்புல கூட்டம் கொஞ்சம் கூடும், அவ்ளோதான். அஞ்சு பேர்ல ஒருத்தர் போனா ஒரு பாடமே போச்சு. சயின்ஸ் வாத்தியார் போனா என்ன ஆகும்? டிப்ளமோவுக்கு ரெண்டு வருஷ சயின்ஸ் கட்டாயமாச்சே!

போர்டு மீட்டிங்ல பொதுமக்கள் யார் வேணா எழுந்து பேசலாம். விசா என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பாட்லக்ல பேசுறதுல ஒரு ரெண்டு நிமிஷத்தை அங்க போய், மார்ச்சுக்கு முன்னாடி பேசுங்கப்பா.