மணல் நகர்ந்தா உங்களுக்கு என்ன சார்?

போன வாரம் லஞ்ச் டேபிளில் எங்க டீம் லீடர் கோல்ஃப் புராணத்தை ஆரம்பித்தார். வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டையைத் தொடுகிறவர், பேச்சு மட்டும் தினமும். ஸ்காட்லாந்தில் டிரம்ப் கட்டின கோர்ஸ் பற்றிப் போனது பேச்சு. "சும்மா பறந்துட்டிருந்த மணலைப் புல் நட்டு நிறுத்தி, அந்த இடத்தையே காப்பாத்திட்டாங்கப்பா. நீ சிவில் படிச்சவன் தானே, மண்ணரிப்பைத் தடுக்கறது நல்ல விஷயம் தானே?"

நாலு வருஷம் சிவில் படித்துவிட்டு இப்போது பொட்டி தட்டுகிறவன் நான். மேலதிகாரியோடு சண்டை போட்டால் அப்ரைசலில் அரிப்பு வரும் என்பதால் தயிர்சாதத்தோடு வாயை மூடிக்கொண்டேன். இங்கே எதுக்கு மூடணும்?

முதலில் ஒன்று. கோல்ஃப் கோர்ஸ் இஞ்சினியரிங்கை நான் மட்டமாகப் பேச வரவில்லை. ஒரு கிரீனை எடுத்துக்குங்க. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட முறைப்படி, அடியில் 10 செ.மீ. ஜல்லி, மேலே 30 செ.மீ. மணல் கலவை. ஜல்லி இருந்தால் தண்ணி சட்டுனு ஓடிடும்னு நினைப்போம். ஓடாது. நுண்ணிய மணலின் துளைகள் தண்ணியை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும், ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் லேசில் இறங்காது. மேலே தண்ணி சேர்ந்து அழுத்தம் கூடினால்தான் மிச்சம் கீழே வடியும். அடைமழையில் வடிகால், வெயிலில் வேருக்கு ஈரம், ரெண்டும் ஒரே அமைப்பில். மோட்டார் இல்லை, வால்வு இல்லை. இதைப் படித்த அன்றைக்கு நிஜமாவே விசில் அடித்தேன்.

ஆனா டீம் லீடர் சொன்னது இந்த வகை இல்லை. அபர்டீனுக்கு வடக்கே பால்மெடி கடற்கரையில் இருப்பது ஃபோவெரான் மணற்குன்றுகள். அங்கே செடிகொடி எதுவும் பிடித்து வைக்காத ஒரு பெரிய மணற்பரப்பு, காற்றின் போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த இடத்துக்கு அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடம் என்று சட்டப்படி பாதுகாப்பு கொடுத்ததே அது நகர்கிறது என்பதற்காகத்தான். இதை ரெண்டு தடவை படிங்க. அங்கே நகர்வதுதான் சரக்கு. எங்க பாஷையில் சொன்னால், அது பக் இல்லைங்க, ஃபீச்சர்.

தண்ணி விஷயமும் இதிலேயே இருக்கு. காற்று மணலை அள்ளிக்கொண்டே போகும், நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டிய ஈர மணல் வந்ததும் நின்றுவிடும். ஈர மணல் பறக்காது இல்லையா? அப்படி உண்டாகும் பள்ளத்தில் மழைக்காலத்தில் தண்ணி ஊறும், அதற்கென்றே உள்ள செடிகள் வந்து உட்காரும். மணல் நகர நகரப் புதுப் பள்ளம் பிறக்கும். மணலைக் கட்டிப் போட்டால் இருக்கிற பள்ளம் மெல்ல மூடிப்போகும், புதுசு வராது. கான்ட்ராக்டர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த நீர் மேலாண்மை அது.

2007-ல் உள்ளூர் கவுன்சில் கமிட்டி திட்டத்தை நிராகரித்தது. ஸ்காட்லாந்து அரசு விஷயத்தைத் தன் கைக்கு எடுத்து விசாரணை நடத்தியது. அரசின் சொந்த இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே எதிர்த்தது. இருந்தும் பொருளாதார லாபம் பெரிசு என்று சொல்லி 2008-ல் அனுமதி கொடுத்தார்கள். நகரும் மணலில் மர்ராம் புல்லை நட்டு அதை நிறுத்தினார்கள். 2012-ல் ஆட்டம் ஆரம்பம்.

"மணல் ஊரையே மூடிடும்யா, தடுக்காம என்ன பண்ண?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நான் மழுப்ப மாட்டேன். அதே ஸ்காட்லாந்தின் மோரே கரையில் கல்பின் என்ற பண்ணை நிலம் 1694-ல் மணல்புயலில் புதைந்தது. கூரை வேய்வதற்காகக் குன்றுகளிலிருந்து மர்ராம் புல்லைப் பிடுங்கியது ஒரு காரணம் என்று, 1695-ல் நாடாளுமன்றமே அதைப் பிடுங்கத் தடை போட்டது. பின்னாடி இருபதாம் நூற்றாண்டில் வனத்துறை மரம் நட்டு அந்த மணலை அடக்கியது. அங்கே போனது விவசாயியின் வயிற்றுப்பாடு. அதே புல்தான், அதே வேலைதான், எனக்கு அதில் சண்டையே இல்லை.

பால்மெடியில் எந்த ஊர் புதையப் போச்சு? புதையப் போனது, இன்னும் போடாத ஃபேர்வே. மணல் நகரும் என்று தெரிந்தே அதன் மேல் போய் உட்கார்ந்துவிட்டு, "ஐயோ நகருதே, நிலைப்படுத்தணும்" என்றால் அதற்குப் பேர் அரிப்புத் தடுப்பா? ரயில் தண்டவாளத்தில் வீடு கட்டிவிட்டு ரயிலை நிறுத்தச் சொல்கிற கதை.

இதில் ஒரு வேடிக்கை வேற. மர்ராமின் விஞ்ஞானப் பெயர் அம்மோஃபிலா, மணல் விரும்பி என்று அர்த்தம். மேலே புது மணல் விழ விழத்தான் அது தெம்பாக வளரும். மணல் வரத்து நின்றால் வாடி, வேறு புல்லுக்கு இடம் விடும். நிறுத்தப்போன போலீஸ்காரனே டூட்டி இல்லாமல் சோர்ந்து போகிறான் :-)

2020 டிசம்பரில் கணக்கு முடிந்தது. கோர்ஸ் இருக்கும் பகுதிக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பை நேச்சர்ஸ்காட் அமைப்பு எடுத்துவிட்டது. காப்பாற்ற அங்கே எதுவும் மிச்சமில்லை என்பதுதான் காரணம். "காப்பாத்திட்டாங்கப்பா" என்கிறாரே மனுஷன்! 2025-ல் பக்கத்திலேயே ரெண்டாவது கோர்ஸும் திறந்தாச்சு.

எனக்குக் கோபம் டிரம்ப் மேல்கூட அவ்வளவு இல்லை, வியாபாரி வியாபாரம் பண்ணினார். கோபமெல்லாம் 'நிலைப்படுத்தல்' என்ற வார்த்தை மேலதான். அந்த வார்த்தையை எழுதினவன் நம்ம மாதிரி டிகிரி வாங்கின ஒரு இஞ்சினியராத்தான் இருப்பான். மண்ணரிப்பு பாடத்தில் எனக்கு நல்ல மார்க்குதான். யாருக்கு அரிப்பு, யாருக்கு நஷ்டம் என்று ஒரு தேர்வில்கூடக் கேட்டதில்லை. வாய்க்கால் சரிவு, கல் பதித்தல், ரெண்டு ஃபார்முலா, பத்து மார்க், அவ்வளவுதான்.

டிஸ்கி: டீம் லீடர் இந்தப் பக்கம் வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதியது. சிவில் மக்கள், தாவரவியல் மக்கள் யாராவது இருந்தால், தப்பு கண்ட இடத்தில் பின்னூட்டத்தில் கும்முங்க. திங்கட்கிழமை லஞ்சுக்கு எனக்குப் பாயிண்ட் வேணும்.